ஏட்டளவில் நின்ற கனவு அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் எரிசக்திக் கட்டுரையில், "எம்.எச்.டி. மின்னாக்கம் ஏட்டளவிலேயே நின்றுபோன கனவு" என்ற வரியைப் படித்து மனம் மிகவும் புண்பட்டது. எம்.எச்.டி. (மேக்னெட்டோ ஹைட்ரோ டைனமிக்) என்பது அனல் வாயுவைக் காந்தப்புலத்தில் பாய்ச்சி நேரடியாக மின்சாரம் எடுக்கும் முறை. கட்டுரையாளர் வெளியூர்க்காரராக இருக்கலாம். திருச்சியில் இத்தனை வாசகர்களைக் கொண்ட தங்கள் இதழ் அதை எப்படி அச்சேற விட்டது என்பதுதான் விளங்கவில்லை.

மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் நிதியில், பாபா அணு ஆராய்ச்சி மையமும் பெல் (பாரத மிகுமின்) நிறுவனமும் சேர்ந்து, சோவியத் விஞ்ஞானிகளின் ஒத்துழைப்போடு, திருச்சியிலேயே எம்.எச்.டி. முன்னோடி நிலையம் அமைத்ததைத் தாங்கள் அறியாதவர் அல்லர். நிலக்கரியிலிருந்து எடுத்த நீர்வாயுவை (கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த எரிவாயுவை) எரித்து, 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டிய அந்த அனல் வாயுவில் பொட்டாசியம் உப்பைக் கலந்து மின்கடத்தும் தன்மையை ஊட்டி, காந்தப்புலத்துக்குக் குறுக்கே பாய்ச்சி, சுழலும் டர்பைன் எதுவும் இல்லாமல் நேரடியாக மின்சாரம் எடுக்கும் முயற்சி அது. மாஸ்கோவில் 1971இல் இயங்கத் தொடங்கிய யு-25 என்ற எம்.எச்.டி. நிலையம் 20 மெகாவாட் வரை எட்டியது. அதன் ஆய்வுக்காக, பனிப்போர்க் காலத்திலேயே, 1977இல் அமெரிக்கா தன் மீக்கடத்திக் காந்தத்தை (கடுங்குளிரில் மின்தடையே இல்லாத கம்பிச்சுருளால் ஆன வலிய காந்தத்தை) விமானத்தில் ஏற்றி அனுப்பியது. இவையெல்லாம் ஏட்டில் நடந்தவையா?

இந்த அலட்சியம் எனக்குப் புதிதன்று. பொறியியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த காலம் முழுவதும், எம்.எச்.டி. என்பது தேர்வுக்கு முதல் நாள் மனப்பாடம் செய்யும் பதினாறு மதிப்பெண் படமாகவே மாணவர்களுக்கு வந்து சேர்ந்தது. திருச்சி நிலையத்தின் 5 மெகாவாட் என்பது உள்ளே செலுத்தும் வெப்பத்தின் அளவு. அதை மின் உற்பத்தி என்று அச்சிட்ட கைடுகளைத் திருத்தித் திருத்தியே அலுத்துவிட்டேன். ஆய்வறிக்கைகளைப் பார்க்க வேண்டித் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் ஓர் அலுவலகத்துக்கு விண்ணப்பித்தபோது, ஆவணங்கள் இல்லை என்று ஒரு வரியில் பதில் வந்தது. அதைவிட வேறென்ன அவமதிப்பு வேண்டும்?

இத்துறையில் உழைத்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர், அனல் வாயுவிலிருந்து மின்சாரத்தை எடுக்கும் மின்முனையின் பழைய துண்டொன்றை என் கையில் வைத்தார். ஒரு விளிம்பு வழவழவென்று இருந்தது; அனல் பட்ட மறு விளிம்போ கரையான் அரித்த மரம்போலக் குழிகுழியாக இருந்தது. நீராவி நிலையத்தோடு இணைத்தால் நிலக்கரியின் வெப்பத்தில் பாதிக்கு மேல் மின்சாரமாகும் என்று உலகமே எதிர்பார்த்த இம்முறை, மின்முனைகள் நெடுநாள் தாங்காததாலும், பொட்டாசியத்தை மீட்கும் செலவாலும், எரிவாயு டர்பைனின் கழிவு வெப்பத்தில் நீராவி டர்பைனையும் இயக்கும் கூட்டுச் சுழற்சி நிலையங்கள் முந்திக்கொண்டதாலும் பின்தங்கியது. அனலில் கைவைத்துப் பார்த்துத் தெரிந்துகொண்ட முடிவு அது. அதைக் கனவு என்பது, அந்த அனலருகே நின்றவர்களை இல்லாதவர்களாக்குவது.

அடுத்த இதழில் நான்கு வரியில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் தம்மிடமுள்ள குறிப்பேடுகளையும் படங்களையும் பற்றித் தங்கள் இதழுக்கு எழுதலாம் என்ற அறிவிப்பையும் அதன்கீழ் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்பொறியியல் ஆசிரியர்,
திருச்சிராப்பள்ளி.