செயலாளரின் ஆண்டறிக்கை: 2024

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, நைரோபியின் பல பகுதிகளிலிருந்தும் மொம்பாசாவிலிருந்தும் வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, பிள்ளைகளின் தமிழ் வகுப்பு பற்றிக் கலைக்குழு தனியே பேசும். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சங்கங்கள் சட்டப்படி பதிவாளருக்குப் போக வேண்டிய ஆண்டுப் படிவம் தயாராக இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் பொறுப்பாளர்கள் கையெழுத்திட்டுவிட்டுப் போகவும். இவை தவிர என் அறிக்கை முழுவதும் கென்யாவில் நம் வணிகம், வரி பற்றியதே. ஆண்டு முழுக்க என் தொலைபேசிக்கு வந்த கேள்விகள் அப்படிப்பட்டவை. அவற்றிலும் அதிகம் கேட்கப்பட்டது, "அண்ணே, இந்தச் சட்டம் இப்ப இருக்கா, இல்லையா?" என்பதுதான்.

கேட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. வீட்டு வசதி வரியையே எடுத்துக்கொள்ளுங்கள். சம்பளத்தில் 1.5 சதவீதம் தொழிலாளியிடம் பிடித்து, முதலாளி 1.5 சதவீதம் சேர்த்துக் கட்ட வேண்டும் என்று 2023 நிதிச் சட்டம் சொன்னது. அந்த நவம்பரில் உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. 2024 ஜனவரி 26-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைக்க மறுத்ததும் பிடித்தம் நின்றது. மார்ச் 19-இல் குடியரசுத் தலைவர் ரூட்டோ தனிச் சட்டத்தில் கையெழுத்திட, பிடித்தம் மறுபடி வந்தது. அடுத்து ஜூன் மாதம். ரொட்டிக்கு வாட் எனும் மதிப்புக் கூட்டு வரி, வாகனத்துக்கு 2.5 சதவீத வரி என்றெல்லாம் தொடங்கிய நிதி மசோதாவை எதிர்த்து இளைஞர்கள் தெருவில் இறங்கியதை நாம் எல்லோரும் ஷட்டருக்குப் பின்னால் நின்று பார்த்தோம். 25-ஆம் தேதி நாடாளுமன்றத்துக்குள் கூட்டம் புகுந்தது. மறுநாள் மசோதாவில் கையெழுத்திட மாட்டேன் என்றார் ரூட்டோ. நகர மையத்தில் கடை வைத்திருப்பவர்கள் ஜூலை தொடக்கம் வரை திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்கள். சரக்கு இழந்த உறுப்பினர்களுக்குக் காப்பீட்டுப் படிவம் நிரப்ப செயற்குழு உதவியது. காப்பீடு இருந்தும் கலவரச் சேதத்துக்கான பிரிவைச் சேர்க்காமல் விட்டிருந்தவர்களுக்கு எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

மசோதா போனதோடு நிற்கவில்லை. ஜூலை 31-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 நிதிச் சட்டம் முழுவதையுமே செல்லாது என்றது. அன்று மாலை நம் வாட்ஸ்அப் குழுவில் ஓடிய வாழ்த்துச் செய்திகள் உங்களுக்கு நினைவிருக்கும். எரிபொருள் வாட் 16-இலிருந்து 8-க்கு இறங்கும், மொத்த விற்பனையின் மேல் விழும் டர்னோவர் வரி 3-இலிருந்து 1 சதவீதத்துக்குத் திரும்பும் என்று கணக்குப் போட்டார்கள். சிலர் ஆகஸ்டில் பழைய விகிதப்படியே கட்டவும் துணிந்தார்கள். ஆகஸ்ட் 20-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. அக்டோபர் 29-இல் ரத்தே செய்தது. 3 சதவீதம் 3 சதவீதமாகவே இருக்கிறது. குறைத்துக் கட்டியவர்கள் மீதியையும், 5 சதவீத அபராதத்தையும், மாதத்துக்கு 1 சதவீத வட்டியையும் சேர்த்துக் கட்டினார்கள். தீர்ப்பு வந்த அன்றே வரியை மாற்றாதீர்கள், மேல்முறையீட்டுக்குக் காத்திருங்கள் என்று நாங்கள் அனுப்பிய சுற்றறிக்கையைப் பலர் படிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஆனால் உண்மையில் உறுப்பினர்களின் பணம் கரைந்தது விகிதத்தால் அல்ல, வாங்கியதற்கு விலைப்பட்டியல் சீட்டு இல்லாததால். இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

2024 ஜனவரி 1 முதல், இ-டிம்ஸ் என்ற வரித்துறையின் இணைய முறை வழியாக வந்த மின் விலைப்பட்டியல் இல்லாத செலவை வருமான வரியில் கழிக்க முடியாது. வாட் பதிவு இல்லாதவர்களுக்கும் இது பொருந்தும். அவர்கள் இணைய மார்ச் 31 வரை கேஆர்ஏ, அதாவது கென்ய வரி ஆணையம், அவகாசம் தந்தது. நம்மில் பலர் விற்கும் பக்கத்தை ஒழுங்காகச் செய்தார்கள். வாங்கும் பக்கம்தான் ஓட்டை. உணவகம் நடத்தும் உறுப்பினர் விடியற்காலையில் மரிகிட்டி சந்தையில் தக்காளியும் வெங்காயமும் வாங்குகிறார். மூட்டை இறக்கும் மாமா ம்போகா, அதாவது காய்கறி விற்கும் அம்மா, சீட்டா தரப்போகிறார்? எம்-பெசா என்ற கைபேசிப் பணச் சேவையில் பணம் போனதற்குக் குறுஞ்செய்தி இருக்கிறது, ஆனால் அது விலைப்பட்டியல் ஆகாது. ஆண்டு முடிவில் அந்தக் கொள்முதல் செலவாக ஏற்கப்படாவிட்டால், கையில் வராத லாபத்துக்கு 30 சதவீதம் கட்ட நேரிடும்.

இதற்கு இரண்டு வழிகளைச் சொல்லிவந்தோம். சாதாரண போனில் *222# அடித்தே சின்ன வியாபாரி சீட்டுப் போடலாம். உங்களுக்கு வாடிக்கையாகச் சரக்குத் தருபவருக்கு அதைக் கற்றுக்கொடுங்கள் என்பது ஒன்று. சிலர் கற்றுக்கொடுத்தார்கள், பலருக்குப் பொறுமை இல்லை. இரண்டாவது வழி டிசம்பரில்தான் திறந்தது. 27-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த வரி நடைமுறைத் திருத்தச் சட்டப்படி, ஆண்டு விற்பனை 50 லட்சம் ஷில்லிங்குக்கு மேல் போகாத சிறுவியாபாரி, சிறுவிவசாயி சார்பில் வாங்குபவரே விலைப்பட்டியல் போடலாம். உணவகக்காரர்கள் இதை இனி கட்டாயம் பயன்படுத்த வேண்டும். இன்னொன்று: சீட்டு வாங்கும்போது உங்கள் பின் எண் (வரி அடையாள எண்) அதில் ஏறியிருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். எண் இல்லாத சீட்டு உங்கள் கணக்குக்கு உதவாது. இறக்குமதிச் சரக்குக்கும், சம்பளத்துக்கும், வங்கி வட்டிக்கும் இ-டிம்ஸ் தேவையில்லை. சுங்க ஆவணமும் சம்பளப் பட்டியலும் போதும்.

சீட்டு கையில் இருந்தால் வரி முறையைத் தேர்ந்தெடுக்கவும் முடியும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆண்டு விற்பனை 10 லட்சத்துக்கு மேல் 2.5 கோடி ஷில்லிங்குக்குள் இருந்தால் டர்னோவர் வரி. அது மொத்த விற்பனையின் மேல். லாபமா நட்டமா என்று பார்க்காது. ஹார்டுவேர் கடையில் விற்பனை 2 கோடி என்றால் வரி 6 லட்சம். அந்த வியாபாரத்தில் லாபம் 5 சதவீதம், அதாவது 10 லட்சம்தான் என்றால், அதற்கு 30 சதவீதமே கட்டினாலும் 3 லட்சம். டர்னோவர் முறையிலிருந்து விலக விரும்புவதாக வரி ஆணையருக்கு எழுதிக் கொடுக்கலாம். ஆனால் விலகினால் ஒவ்வொரு செலவுக்கும் சீட்டு வேண்டும். ஆக மொத்தம், கணக்குப் புத்தகம் இல்லாதவருக்கு இந்த நாட்டில் வரி இரட்டிப்பு.

வரி மதிப்பீட்டு அறிவிப்பு வந்த உறுப்பினர் ஒருவரின் அனுபவத்தை, அவர் அனுமதியோடு சொல்கிறேன். எம்-பெசாவில் வாடிக்கையாளர் பணம் செலுத்தும் அவருடைய டில் எண்ணில் வந்த தொகையும் வாட் கணக்கில் காட்டிய விற்பனையும் பொருந்தவில்லை என்று அறிவிப்பு. அது போய்ச் சேர்ந்ததோ, முன்பு அவருக்குப் பின் எண் எடுத்துக் கொடுத்த கணக்கரின் மின்னஞ்சலுக்கு. இவர் அப்போது அம்மாவின் அறுவை சிகிச்சைக்காக மதுரையில். ஆட்சேபம் எழுத 30 நாள். அது கடந்த பிறகுதான் விஷயமே தெரிந்தது. சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது: நோய், நாட்டில் இல்லாதது போன்ற தக்க காரணம் காட்டினால் தாமத ஆட்சேபத்தை ஏற்கலாம். கடவுச்சீட்டு முத்திரைகளையும் மருத்துவமனைச் சீட்டையும் இணைத்துக் கேட்டோம், ஏற்றார்கள். அந்தத் தொகையில் பெரும்பகுதி ஊரிலிருந்து அண்ணன் அனுப்பிய கைமாற்று. வங்கிக் கணக்கு விவரத்தைக் காட்டி நிரூபித்தார். முறையான ஆட்சேபம் கிடைத்து 60 நாளுக்குள் ஆணையர் முடிவு சொல்லாவிட்டால் ஆட்சேபம் ஏற்கப்பட்டதாகவே பொருள். முடிவு பாதகமாக வந்தால் வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக மறுபடி 30 நாள். இன்று வீட்டுக்குப் போனதும் கேஆர்ஏவின் ஐடேக்ஸ் இணையதளத்தில் உங்கள் பெயருக்கு யாருடைய மின்னஞ்சல் இருக்கிறது என்று பாருங்கள். வியாபாரப் பணத்தையும் குடும்பப் பணத்தையும் ஒரே டில்லில் வாங்காதீர்கள்.

சம்பளப் பட்டியலில் வந்த மாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அக்டோபர் 1 முதல் பழைய மருத்துவ நிதி போய், மொத்தச் சம்பளத்தில் 2.75 சதவீதம் பிடிக்கும் சமூக சுகாதாரக் காப்பீட்டு நிதி வந்தது. குறைந்தது 300 ஷில்லிங், உச்சவரம்பு கிடையாது. முன்பு 1,700 கட்டியவர் லட்ச ரூபாய்க் கணக்கில் வாங்கினால்... மன்னிக்கவும், லட்ச ஷில்லிங் வாங்கினால் 2,750. டிசம்பர் 27 முதல் இதையும் வீட்டு வசதி வரியையும் வரிக்குரிய வருமானத்திலிருந்து கழிக்கலாம். 2025 பிப்ரவரி முதல் என்எஸ்எஸ்எஃப், அதாவது ஓய்வூதிய நிதிக்குக் கணக்கிடும் சம்பள உச்சவரம்பு 72,000 ஆனது. ஊழியருக்கும் முதலாளிக்கும் அந்த ஆண்டு தலா 4,320 வரை போனது. இறக்குமதியாளர்கள், சரக்கின் மேல் விழும் ரயில்வே வரி 1.5-இலிருந்து 2 சதவீதம் ஆனதை விலையில் சேர்த்துக்கொள்ளவும். ஜனவரியில் டாலர் 160 ஷில்லிங்கைத் தாண்டியபோது சரக்கு எடுத்து, 130-க்கு வந்த பிறகு விற்றவர்களிடம் இதைச் சொல்லவே எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

தமிழ்நாட்டிலிருந்து வரும் விசாரிப்புகள் இந்த ஆண்டு கூடின. திருப்பூரிலிருந்து, நைரோபிக்கு அருகிலுள்ள ஆதி ரிவர் ஏற்றுமதி மண்டலம் பற்றிக் கேட்டவர்களுக்கு, முதல் 10 ஆண்டு வருமான வரி இல்லை, அடுத்த 10 ஆண்டு 25 சதவீதம் என்று பதில் எழுதினோம். அமெரிக்காவுக்கு வரியில்லாமல் அனுப்ப உதவும் ஆகோவா சலுகை 2025 செப்டம்பரில் முடிய இருந்தது என்பதையும் சேர்த்தே எழுதினோம். அதைச் சொல்லாமல் அழைப்பது நியாயமில்லை. சொந்தக் கடை வைக்கும் ஆசையில் கேட்பவர்களுக்கு முதலீட்டாளர்களுக்கான ஜி வகை அனுமதிக்கு 1 லட்சம் அமெரிக்க டாலர் முதலீடு காட்ட வேண்டும் என்பதே பெரும்பாலும் கடைசி வரி ஆகிவிடுகிறது. அதைத் தவிர்க்க உறுப்பினர் பெயரில் கம்பெனி தொடங்கலாமா என்று சிலர் கேட்டார்கள். 10 சதவீதப் பங்கு முதல் உண்மையான பயனாளி யார் என்பதைக் கம்பெனிப் பதிவகத்தில் தெரிவிக்க வேண்டும். பெயர் இரவல் கொடுக்காதீர்கள், அது உங்கள் தலையில்தான் விடியும். நிலம் வாங்க விரும்புவோருக்கு: வெளிநாட்டவருக்கு 99 ஆண்டுக் குத்தகை மட்டுமே, அரசியல் சட்டம் 65-ஆம் பிரிவு.

சென்னைக்குக் கணக்கு எழுதும் வேலையும் மென்பொருள் வேலையும் கொடுக்கும் உறுப்பினர்கள், 2017 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த இந்திய-கென்ய இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தப்படி அந்தக் கட்டணத்தில் 20-க்குப் பதில் 10 சதவீத வரி பிடித்தால் போதும். அங்கிருப்பவரின் வரி வசிப்பிடச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

இனி, கூட்டத்தின் முன் வைக்கும் முன்மொழிவுகள். ஒன்று, மாதத்தில் ஒரு சனிக்கிழமை இ-டிம்ஸ் பயிற்சி. மாமா ம்போகாக்களும் வரலாம், தேநீர்ச் செலவு சங்கத்துடையது. இரண்டு, 2023 டிசம்பர் வரையிலான வரி நிலுவையில் அசலை 2025 ஜூன் 30-க்குள் கட்டினால் அபராதமும் வட்டியும் தள்ளுபடி ஆகும் சலுகைக்கு விண்ணப்பிக்க, கணக்குத் தெரிந்த மூன்று பேர் கொண்ட உதவிக் குழு. மூன்று, சுற்றறிக்கைகளை எழுத்தோடு குரல் செய்தியாகவும் அனுப்புவது. வாசிக்க முன்வரும் உறுப்பினர் பெயர் கொடுக்கலாம். இவற்றின் மேல் விவாதம் முடிந்ததும் பொருளாளர் பேசுவார். இந்த அறிக்கையைப் பேரவை ஏற்றுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
நைரோபி