ஒரு காலில் மட்டும் வீக்கமா?

ஆசிரியருக்கு,

தினமும் நடந்தால் கருத்தடை மாத்திரையால் இரத்தம் உறையுமோ என்ற பயம் வேண்டாம் என்கிறது உங்கள் கட்டுரை. அது பாதிதான் சரி. நடக்கும்போது கெண்டைக்கால் தசை இரத்தத்தை மேலே தள்ளுகிறது, உண்மை. ஆனால் மாத்திரையிலுள்ள ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன், இரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களைக் கல்லீரலில் கூட்டுகிறது. நடைப்பயிற்சி அதை ரத்து செய்யாது. ஆபத்து குறைவுதான், கர்ப்ப காலத்தில் இதைவிட அதிகம். அதனால் மாத்திரையைக் கண்டு யாரும் மிரள வேண்டாம்.

இயன்முறை சிகிச்சையாளரான என்னிடம், பயிற்சியால் வந்த தசைப்பிடிப்பு என்று ஒரு பெண் வந்தார். வீக்கம் ஒரு காலில் மட்டும். ஸ்கேனில் உறைவு தெரிந்தது. மாத்திரை சாப்பிடுவதை நான் கேட்ட பிறகே சொன்னார். அரசு இலவசமாக வழங்கும் ‘மாலா-என்’ கருத்தடை மாத்திரையைத் தரும்போதே இரத்த அழுத்தம், ஒற்றைத் தலைவலி, குடும்பத்தில் உறைவு உண்டா என்று கிராம சுகாதாரச் செவிலியர்கள் தவறாமல் விசாரிக்க அரசு உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி