பேட்டரிக்கும் ஸ்டீயரிங்குக்கும் என்ன முடிச்சு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்சாரக் காரையும், பெட்ரோல் எஞ்சினும் பேட்டரி மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் காரையும் ஒப்பிட்டு உங்கள் வாகனப் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். மின்சாரக் கார் என்றால் தானே ஓட்டும், செலவும் குறைவு; ஹைபிரிட் என்றால் இரண்டிலும் அரைகுறை என்று அதைப் படிக்கும் வாசகர் முடிவுக்கு வந்துவிடுவார். மேட்டுப்பாளையத்தில் சுற்றுலா வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவன் நான். என் வண்டி ஹைபிரிட், தம்பியின் வண்டி மின்சாரம். சவாரிக்கு ஏற்றபடி இரண்டையும் மாற்றி மாற்றி எடுக்கிறோம். தானாக ஓட்டும் வசதி, சிக்கனம் என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு சங்கதிகளை அந்தக் கட்டுரை ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டது என்பதுதான் என் வழக்கு.

தானோட்டும் கார் வளர்ந்த வீடே ஹைபிரிட்தான். 2009இல் கூகுள் தன் சோதனையைத் தொடங்கியபோது கருவிகளைப் பொருத்தியது டொயோட்டா பிரியஸ் என்ற ஹைபிரிட் காரில். 2020 அக்டோபரில் அமெரிக்காவின் பீனிக்ஸ் பகுதியில் ஓட்டுநரே இல்லாத டாக்சியை, அந்தச் சோதனையிலிருந்து பிறந்த வேமோ நிறுவனம் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டபோது ஓடியது கிரைஸ்லர் பசிபிகா என்ற ஹைபிரிட் வேன். நெரிசலில் ஓட்டுநர் சாலையிலிருந்து கண்ணை எடுக்கலாம் என்று சட்டமே அனுமதித்து, சந்தைக்கு வந்த முதல் கார் ஹோண்டா லெஜண்ட். 2021 மார்ச்சில் ஜப்பானில் 100 வண்டிகள் குத்தகைக்கு விடப்பட்டன. அதுவும் ஹைபிரிட். மெர்சிடிஸ் நிறுவனம் அதே தரத்து வசதியை எஞ்சின் உள்ள எஸ் கிளாஸிலும் பேட்டரியில் ஓடும் ஈக்யூஎஸ்ஸிலும் சேர்த்தே கொடுத்தது. நம் ஊருக்கு வந்தால், 2021இல் அடாஸ் (ஓட்டுநருக்குக் கைகொடுக்கும் கேமரா, ரேடார் உதவிகள்) வசதியோடு வந்த மஹிந்திரா எக்ஸ்யூவி 700 டீசலிலும் கிடைத்தது. டீசல் வண்டியில் வருவதைப் பேட்டரியின் பெருமையாக எப்படி எழுதுவது?

வேமோ பிறகு முழு மின்சார வண்டிக்கு மாறியது உண்மை. கேமரா, ரேடார், கணினி எல்லாவற்றுக்கும் வண்டி நிற்கும்போதும் கரண்ட் வேண்டும். பெரிய பேட்டரி அதைச் சத்தமில்லாமல் கொடுக்கும். ஹைபிரிட் அவ்வப்போது எஞ்சினைக் கிளப்பித்தான் கொடுக்க முடியும். ஆள் இல்லாமல் நாள் முழுக்க ஓடும் டாக்சிக்கு இது பெரிய விஷயம். குடும்பத்தோடு ஊட்டிக்குப் போகிறவருக்கு இதனால் என்ன லாபம்?

இங்கே ஷோரூமில் ‘தானாகவே ஓட்டும் சார்’ என்று சொல்லி விற்பது இரண்டாம் நிலை உதவி மட்டுமே; அதாவது ஸ்டீயரிங்கிலும் வேகத்திலும் வண்டி கைகொடுக்கும், அவ்வளவுதான். கண்ணும் கையும் பொறுப்பும் ஓட்டுநருடையவை. ஓட்டுநர்களின் வேலை போய்விடும் என்பதால் ஆளில்லாக் கார்களை அனுமதிக்க மாட்டோம் என்று அமைச்சர் நிதின் கட்கரி 2017லேயே சொல்லிவிட்டார். (என் பிழைப்பின் மேல் அவருக்கு இருக்கும் அக்கறைக்கு நன்றி. ஆனால் எங்கள் சாலைகளே அந்தக் காவலைச் செய்துவிடும்.) காரமடை தாண்டிக் கோவை நோக்கிப் போகும்போது குரூஸ் கண்ட்ரோலைப் போட்டால், முன்னே போகும் லாரிக்கும் நமக்கும் நடுவே வண்டி ஓர் இடைவெளி விடுகிறது. அதை இடைவெளியாக மதிக்கிற ஆள் இந்தச் சாலையில் இல்லை. ஒரு மொபெட் நுழையும், வண்டி சட்டென்று வேகத்தைக் குறைக்கும். பின்னால் வருபவர் ஹாரனை அழுத்துவார். நம் வண்டி மறுபடி வேகமெடுக்கும், அடுத்து ஓர் ஆட்டோ நுழையும். இப்படிக் குறைத்துக் கூட்டி ஓடும்போது, நிதானமாக ஒரே வேகத்தில் ஓட்டிக் கிடைத்திருக்க வேண்டிய மைலேஜ் போய்விடுகிறது. வண்டி மின்சாரமா ஹைபிரிடா என்பதால் இதில் மாற்றமில்லை. மலைப்பாதையில் இன்னும் மோசம். பனிமூட்டத்தில் கேமரா கையை விரித்துவிடும். ஏறி வரும் பஸ்ஸுக்கு இறங்குகிறவன் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது எந்தக் கணினிக்கும் தெரியவில்லை. கோட்டைத் தாண்டாதே என்று ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுக்கிறது. மலையடிவாரத்துக் கல்லாறு வந்ததும் அந்த வசதியை அணைத்துவிடுவதே என் வழக்கம்.

சிக்கனத்தில் மட்டும் இரண்டுக்கும் உண்மையான வித்தியாசம் இருக்கிறது. அதை உங்கள் கட்டுரை சரியான இடத்தில் தேடவில்லை. இறக்கத்தில் பாருங்கள். ஆட்களும் பெட்டிகளுமாக இரண்டு டன் எடை குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குச் சுமார் 1,500 மீட்டர் கீழே இறங்குகிறது. பள்ளிக்கூடக் கணக்குப்படி அதற்குள் எட்டு யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் இருக்கிறது. டயரும் காற்றும் தின்றது போக மிச்சத்தைத் திரும்பப் பிடிக்கலாம். ஆனால் ஒயர் சொருகாத நம் ஊர் ஹைபிரிட்டின் பேட்டரி இரண்டு யூனிட்டைக்கூடத் தொடாது. வழியில் உள்ள பர்லியார் வருவதற்குள் நிரம்பிவிடும். அதன்பிறகு பெட்ரோல் குடிக்காமலேயே எஞ்சின் உறுமத் தொடங்கும். மிச்ச ஆற்றல் சத்தமும் சூடுமாகக் கரையும். ‘என்னண்ணா, வண்டிக்கு என்ன ஆச்சு?’ என்று பின் சீட்டிலிருந்து கேட்பார்கள். தம்பியின் வண்டி அதே இறக்கத்தில் அடிவாரம் வரை வாங்கிக்கொண்டே வரும்; திரையில் சதவீதம் கூடும். ஒரு எச்சரிக்கை: மேலே விடுதியில் முழுக்கச் சார்ஜ் போட்டுவிட்டு இறங்கினால் பிடித்து வைக்க இடமிருக்காது, கால் பிரேக்தான் கதி. அதனால் குன்னூரில் தங்கும் நாட்களில் தம்பி சார்ஜரை எண்பதிலேயே கழற்றிவிடுவான்.

கோவை காந்திபுரம் நெரிசலில் கதை வேறு. அங்கே ஹைபிரிட் பெரும்பாலும் எஞ்சினை அணைத்துவிட்டே நகரும். சின்னப் பேட்டரியே போதும். இன்னோவா ஹைகிராஸ் ஹைபிரிட்டுக்கு லிட்டருக்கு 23.24 கிலோமீட்டர் என்று விளம்பரம் சொல்கிறது. மலை ஏறும் சவாரியில் அதை எதிர்பார்க்க வேண்டாம். சேலம் தாண்டி நாற்கரச் சாலையில் நூறில் போனாலும் அப்படித்தான்: பிரேக்குக்கு வேலையில்லாத இடத்தில் ஹைபிரிட்டின் வித்தைக்கும் வேலையில்லை.

இன்னொன்று வரி. 2025 செப்டம்பர் மாற்றத்துக்குப் பிறகும் மின்சாரக் காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், பெரிய ஹைபிரிட்டுக்கு 40. இந்த இடைவெளியைச் சொல்லாமல் இரண்டின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டால், ஹைபிரிட் தொழில்நுட்பமே விலை அதிகம் என்றுதான் வாசகர் நினைப்பார்.

ஆகவே ஒரு வேண்டுகோள். வாகனப் பக்கத்தில் அடாஸைத் தனியாக எழுதுங்கள். எந்த மாடலில் இருக்கிறது, விபத்து நடந்தால் யார் பொறுப்பு என்பதையும் சேர்த்து. மைலேஜ் என்று ஒரே எண்ணைப் போடாமல் ஏற்றம், இறக்கம், நெரிசல், நாற்கரச் சாலை என்று பிரித்துப் போடுங்கள். உங்கள் நிருபர் குன்னூர் சாலையில் சோதித்துப் பார்க்க வந்தால் இரண்டு வண்டிகளையும் தருகிறோம். சனி, ஞாயிறு மட்டும் வேண்டாம், சவாரி இருக்கும்.

இப்படிக்கு,
வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர்,
மேட்டுப்பாளையம்.