பிரசவ அறையில் ஒரு துணை

ஐயா,

சிசேரியன் பிரசவங்கள் பெருகுவது பற்றிய தங்கள் செய்தியைப் படித்தேன். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் அது 44.9 சதவீதம். வலி நேரத்தில் கூடவே இருக்கும் துணையைப் பற்றியும் பேச வேண்டும். 15,000-க்கும் அதிகமான பெண்களை உள்ளடக்கிய 26 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், தொடர்ந்து துணை கிடைத்தவர்களுக்குச் சுகப்பிரசவ வாய்ப்பு கூடியிருந்தது. உலக சுகாதார நிறுவனமும் 2018-இல் இதைப் பரிந்துரைத்தது.

என் மகளின் தலைப்பிரசவத்தில் என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அவள் கதறல் மட்டும் கேட்டது. அடுத்த பிரசவத்துக்கு வேறு மருத்துவமனை. இடுப்பைத் தேய்த்துவிட்டு, நடக்கவைத்து, கூடவே இருந்தேன். பயமில்லாமல் பெற்றெடுத்தாள். பக்கத்துக் கட்டில் பெண்களின் அந்தரங்கத்துக்காகத்தான் துணையை விடுவதில்லை என்றால், சரி, ஒவ்வொரு கட்டிலுக்கும் திரை போடட்டும். அரசு அதை உடனே செய்யலாம்.

– ஒரு வாசகி, திருச்சி