செவிலியரிடம் பதிலையும் கொடுத்து அனுப்புங்கள்

தமிழ்நாடு பொது சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் சென்னையில் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். தயங்காமல் வாருங்கள் என்று கேமராக்கள் முன் மக்களை அழைக்கவும் செய்தார். மறுநாள் மாரடைப்பு. 17ஆம் தேதி அதிகாலையில் அவர் இறந்துபோனார்.

அடுத்த வாரம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நடந்த முகாமில் நாற்காலிகள் பெரும்பாலும் காலியாகவே கிடந்தன. ஊசி மருந்துப் பெட்டியை மடியோடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தார் கிராம சுகாதார செவிலியர். என் அத்தை அவரிடம் கேட்டார்: "விவேக்குக்கு ஏனம்மா அப்படி ஆனது?"

"உங்களுக்கு ஒன்றும் ஆகாது, பயப்படாதீர்கள்" என்றார் செவிலியர்.

அத்தை கேட்டது அதுவல்ல. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து வந்துவிட்டார்.

அந்தச் செவிலியரை நான் குறை சொல்ல மாட்டேன். வெயிலில் வீடு வீடாக நடந்தவர் அவர். இதயத்தின் முக்கிய ரத்தக்குழாய் முழுவதுமாக அடைத்திருந்தது, ஊசிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று சென்னையில் மருத்துவர்கள் அப்போதே விளக்கியிருந்தார்கள். தொலைக்காட்சிக்கு வந்த அந்த விளக்கம், ஊரார் நேரில் கேள்வி கேட்கக்கூடிய ஒரே ஆளான அவருடைய கைக்கு வரவில்லை. இறப்புக்குத் தடுப்பூசி காரணமல்ல என்ற மத்தியக் குழுவின் முடிவு அக்டோபரில்தான் வெளியே தெரிந்தது. அதற்குள் இரண்டாம் அலையே வந்து போய்விட்டது. இடைப்பட்ட ஆறு மாதமும் வாட்ஸ்அப்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

மே மாதம் கோவிஷீல்டு இரண்டாம் தவணைக்கான இடைவெளி 6–8 வாரத்திலிருந்து 12–16 வாரமாக மாறியபோதும் இதே கதைதான். மருந்து தட்டுப்பாட்டை மறைக்கிறார்கள் என்றது ஊர். தட்டுப்பாடு இருந்தது உண்மை. இடைவெளி கூடினால் பாதுகாப்பும் கூடுகிறது என்று பிரிட்டன் ஆய்வுகள் காட்டியதும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் எங்கள் மக்களுக்குப் புரிந்திருக்கும். அம்மைக்கும் போலியோவுக்கும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்த மக்கள்தானே இவர்கள்!

"ஒன்றும் ஆகாது" என்ற சொல்லை இனி விட்டுவிடுங்கள். அந்த மே மாதத்திலேயே மத்தியக் குழு ஒன்று, கோவிஷீல்டு போட்டவர்களில் 10 லட்சம் தவணைக்கு ஒன்றுக்கும் குறைவாக ரத்த உறைவுப் பாதிப்பு பதிவானதாக அறிவித்தது. மிக அரிதாக ஆகும், ஆனால் நோய் வந்தால் ஆபத்து அதைவிடப் பல மடங்கு என்று நேராகச் சொல்லலாமே. கடுமையான தலைவலியோ மூச்சுத் திணறலோ வந்தால் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும் என்பதையும் அப்போதுதான் சொல்ல முடியும்.

அடுத்த தொற்று வரும்போது, ஊர் எதைக் கேட்கிறது என்பதைச் செவிலியர்களிடம் அன்றன்று கேட்டு வாங்குங்கள். மறுநாள் காலை முகாம் தொடங்குமுன், தெரிந்தது இது, இன்னும் தெரியாதது இது என்று ஒரே ஒரு பக்கம், அத்தைக்குப் புரியும் தமிழில், அவர்கள் கையில் இருக்கட்டும். விசாரணை முடிவு வந்தால் அதையும் அதே பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள்.

என் அத்தை செப்டம்பர் 12 மாபெரும் முகாமில்தான் முதல் ஊசி போட்டுக்கொண்டார். அவருடைய கேள்விக்கு அன்றும் யாரும் பதில் சொல்லவில்லை.

இப்படிக்கு,
அந்த முகாமில் அத்தையுடன் வந்தவன்