ஆரஞ்சு போன பாதையையும் எழுதுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் 'ஆரஞ்சு தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். நேராகப் போகவில்லை ஐயா, நடுவில் எத்தனை மொழிகள்! நம் நாரத்தை, மலையாளத்து நாரங்ங, தெலுங்கு நாரிஞ்ச எல்லாம் ஒரே குடும்பம். சமஸ்கிருத 'நாரங்க' இந்தத் திராவிட வேரிலிருந்து வந்திருக்கலாம் என்பது மொழியறிஞர் பலருடைய கருத்து. அவ்வளவுதான் சொல்ல முடியும், தமிழ் மட்டும் என்று சொன்னால் உண்மையான பங்கையும் நம்ப மாட்டார்கள்.

அங்கிருந்து பாரசீகம், அப்புறம் அரபி, அரபியர் ஆண்ட ஸ்பெயின். ஸ்பானியர் இன்றும் 'நரான்ஹா' என்கிறார்கள், ஹங்கேரியில் 'நரன்ச்', போர்ச்சுகலில் முதல் எழுத்து மாறி 'லரான்ஜா'. இத்தாலியில் முன்னால் வரும் 'உன' ('ஒரு') என்ற சொல்லோடு ஒட்டிப்போய் 'ந' என்ற எழுத்தே உதிர்ந்து 'அரான்ச்சா' ஆகிவிட்டது. பிரெஞ்சில் தங்கத்துக்கு 'ஓர்' என்று பெயர், அதன் சாயலில்தான் பழத்தின் பெயருக்கு முதலில் 'ஓ' வந்தது என்கிறார்கள். ஆங்கிலத்தில்தான் அந்த 'ந' தொலைந்தது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது சரியில்லை, ஆங்கிலேயர் கைக்கு வரும்போதே அது இல்லை.

இதெல்லாம் ஐரோப்பாவுக்கு முதலில் போன கசப்பு ஆரஞ்சின் பெயர். இனிப்பு ஆரஞ்சு 15, 16ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் பரவியது, அதில் போர்த்துகீசிய வணிகருக்குப் பெரிய பங்கு. அதனால் கிரேக்கத்தில் 'போர்ட்டோகாலி', பல்கேரியாவில் 'போர்ட்டோகல்' என்று போர்ச்சுகலின் பெயரே பழத்துக்கு ஒட்டிக்கொண்டது. டச்சுக்காரர் 'சினாஸ்அப்பெல்', அதாவது சீன ஆப்பிள் என்கிறார்கள், ரஷ்யரின் 'அபெல்சின்' என்பதும் அதே பொருள்தான்.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். நெதர்லாந்து அரச குடும்பப் பெயரில் உள்ள ஆரஞ்சு பழமே அல்ல. தெற்கு பிரான்சில் ரோமானியர் காலத்தில் 'அரௌசியோ' எனப்பட்ட ஊரின் பெயர் அது. திரிந்து திரிந்து பழத்தின் பெயரோடு ஒன்றாகிவிட்டது, அந்த நிறமும் சேர்ந்துகொண்டது. கால்பந்தில் அவர்கள் போடும் ஆரஞ்சுச் சட்டை அப்படி வந்ததுதான்.

பள்ளிப் பிள்ளைகள் வெட்டி ஒட்டி வைத்துக்கொள்ளும் பகுதி உங்கள் ஞாயிறு இணைப்பு. ஒரு வரைபடத்தோடு அரைப்பக்கமாவது ஒதுக்கி இதை மறுபடி போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர், தென்காசி