பெரிய சனியன்று தேடப்படும் ஞானத்தகப்பன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தவக்காலம் நெருங்கும் இந்நாள்களில், கத்தோலிக்கத் திருமறையில் சேர விரும்பும் பெரியவர்களுக்கு, திருமுழுக்கின்போது சாட்சியாக நின்று பின்னும் விசுவாச வாழ்வில் துணையாக இருக்க வேண்டிய ஞானப்பெற்றோர் எப்படிக் கிடைக்கிறார்கள் என்பதைப் பற்றி என் குற்றத்திலிருந்தே தொடங்கி எழுதுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன், பாஸ்கா எனும் உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய நாளான ஒரு பெரிய சனியன்று மாலை கோவில் வாசலில் நின்றுகொண்டிருந்த என்னை உபதேசியார் அழைத்து, "சார், ஒரு தம்பிக்கு ஞானத்தகப்பனா நிக்கணும், வர வேண்டியவர் வரலை" என்றார். மறுக்காமல் நின்றேன். பாஸ்கா திரியிலிருந்து மெழுகுதிரியை ஏற்றிக் கொடுத்தேன். பதிவேட்டில் கையெழுத்திட்டபோதுதான் அந்த இளைஞரின் முழுப்பெயரையே அறிந்தேன். அதன்பின் அவரை நான் பார்க்கவில்லை.

1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டப்படி என்னிடம் குறையேதும் இருக்கவில்லை. பதினாறு வயது நிறைந்த, உறுதிபூசுதல், நற்கருணை ஆகிய அருட்சாதனங்களைப் பெற்ற, விசுவாசத்துக்கு ஏற்ப வாழ்கிற கத்தோலிக்கர், திருமுழுக்குப் பெறுபவரின் தாய் தந்தையாக இல்லாத வரை, இப்பொறுப்பை ஏற்கலாம். ஒருவர் போதும், இருவராயின் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் நிற்க வேண்டும். ஆனால் அதே சட்டம், திருமுழுக்குப் பெறுபவரே தம் ஞானப்பெற்றோரைத் தெரிவு செய்ய இடம் தருகிறது என்பதையும், பெரியவர்களுக்கான புகுமுகச் சடங்குமுறை (1972) தவக்காலத்தின் முதல் ஞாயிறன்றே ஞானப்பெற்றோரை முன்னால் அழைத்து, 'இவர் தகுதியுள்ளவர்தானா?' என்று சபையறியக் கேட்கிறது என்பதையும் நாம் மறந்துவிட்டோம். ஆறு வாரங்களுக்கு முன்பே சாட்சி சொல்லியிருக்க வேண்டியவரை ஒரு மணி நேரத்துக்கு முன்பு வாசலில் தேடினால், அவர் எதற்குச் சாட்சி?

அச்சடங்குமுறை, தொடக்க நாளிலேயே ஒருவரை அழைத்து வந்து அறிமுகம் செய்து உடன்நடப்பவரையும், பின்னர் தெரிவு செய்யப்பட்டு இறுதிவரை பொறுப்பேற்கும் ஞானப்பெற்றோரையும் வேறுபடுத்திக் காட்டுகிறது. முன்னவரே பின்னவராகவும் ஆகலாம்.

குழந்தைக்குப் பெரியப்பாவோ அத்தையோ ஞானப்பெற்றோராக வந்துவிடுவார்கள். உடுப்பும் சங்கிலியும் கூட வந்துவிடும். புதிதாக வருகிறவருக்கோ இந்த விசுவாசத்தில் உறவென்று யாருமில்லை. சிலருக்கு வீட்டிலேயே பேச்சு நின்றிருக்கும். அப்பாவின் திவசத்துக்குப் போய் உட்காரலாமா, பொங்கலுக்கு அம்மா வைக்கும் படையலைச் சாப்பிடலாமா, முதல் பாவசங்கீர்த்தனத்தில் எதிலிருந்து தொடங்குவது போன்ற கேள்விகளை, பூசை முடிந்து வரிசை கட்டி நிற்பவர்களின் நடுவே பங்குத்தந்தையிடம் எப்படிக் கேட்பார்? வீட்டுக்கு வந்து காபி குடித்தபடி கேட்கக்கூடிய ஒருவர் வேண்டும். திருமணத்தை ஒட்டி வருகிறவர்களுக்கு, மணக்கப்போகிறவரையே ஞானப்பெற்றோராக நிறுத்தும் வழக்கமும் நல்லதன்று. சட்டம் தடுக்காவிட்டாலும், 'எனக்கு இன்னும் மனம் வரவில்லை' என்று அவரிடமே சொல்லும் துணிவு எவருக்கு இருக்கும்?

ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் தலைமையகமே இருக்கும் எங்கள் கடலூரில், பிற சபைகளில் முறையாகத் திருமுழுக்குப் பெற்றவர்களும் கத்தோலிக்கச் சபைக்கு வருகிறார்கள். அவர்களுக்கு மீண்டும் திருமுழுக்கு கிடையாது. விசுவாச அறிக்கை செய்து, உறுதிபூசுதல் பெறுவதே வழி. அவர்களும் வேதம் அறிந்தவர்கள்தானே என்று எண்ணித் தனியே விட்டுவிடாமல், உடன் நிற்க ஓர் ஆளைக் கொடுக்க வேண்டும்.

புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தின் பங்குகள், பொறுப்பேற்க மனமுள்ளவர்களின் பெயர்களைத் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனுக்கு முன்பே கேட்டு வாங்கி, திருமுழுக்குக்குத் தயாராகும் புகுமுகத்தார் அவர்களோடு பழகித் தெரிவு செய்ய வாய்ப்பளிக்கலாம். பாஸ்காவுக்குப் பின் பெந்தகோஸ்து வரையிலாவது அவர்கள் வாரந்தோறும் சந்திக்கிறார்களா என்று விசாரிக்கலாம். செலவில்லாத காரியம் இது.

பதிவேட்டில் என் பெயரோடு பெயராக இருக்கும் அந்தத் தம்பி, இப்போது நடுவயதினராக இருப்பார். இக்கடிதம் அவர் கண்ணில் பட்டால், ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் நான் அதே கோவில் வாசலில்தான் நிற்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.